இன்சீம்

கம்பெனியில் என் வேலை அளப்பது.
மேசைமேல் பனியனை விரித்து
நெஞ்சகலம், தோள், கை நீளம்.
அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே போகலாம்,
முக்கால் போனால் சிவப்பு அம்பு ஒட்டி
ஓரமாய்ப் போட்டுவிடுவேன்.
ஸ்வீடனில் எவனோ மாட்டப்போகும் ட்ராக் பேண்ட்டின்
இன்சீம் கேளுங்கள், சொல்வேன்.
என்னுடையது தெரியாது.

பீளமேட்டில் முதலில் பார்த்த பைக்
கருநீலம். இத்தாலிப் பெயர். பன்னிரண்டாயிரம்தான்.
ஒரு கையால் தூக்கலாம் என்றார்கள், தூக்கினேன்.
யுகேந்திரன் என்ற அந்தப் பையன் ஆறடி இரண்டு.
"ஓட்ட ஓட்டப் பழகிருமுங்க்கா,
சீட்டை எறக்கிக்கலாம்."
இறக்கினோம். கடைசிவரை இறக்கினோம்.
காலைப் போட்டு நின்றால் குழாய் இடித்தது,
குதிங்கால் தரையில் இல்லை.
ஹேண்டில் எங்கேயோ ஒண்டிப்புதூரில் இருந்தது.
எட்டிப் பிடித்ததில்
பிடரியிலிருந்து இடுப்புவரை ஓர் இழை இழுபட்டது.
அப்படியும் ஆசை விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
நீலம் அப்படி.
கருமத்தம்பட்டி தாண்டும்வரை பஸ்ஸில்
மனசுக்குள் அதை ஓட்டிக்கொண்டே வந்தேன்.

போத்தனூர் மெர்லின் போனில் விலை சொல்லவில்லை.
"மொதல்ல கால் அளவு சொல்லுங்க" என்றாள்.
அன்றிரவு செருப்பைக் கழற்றி
சுவரோடு முதுகை ஒட்டி நின்று
கணக்கு நோட்டைத் தொடையிடுக்கில் கொடுத்து
(வெட்கப்பட்டால் அளவு பிசகுமாம்)
பென்சிலால் சுவரில் கோடு போட்டேன்.
தரையிலிருந்து எழுபத்தாறு.
மறுபடி அளந்தேன், எழுபத்தாறு.
ஒருதரம் அளந்ததை எங்கள் செக்‌ஷனில் யாரும் நம்புவதில்லை.
புள்ளி அறுபத்தேழால் பெருக்கச் சொல்லியிருந்தாள்.
ஐம்பது புள்ளி ஒன்பது.
பதினோரு வருடமாய்க் கழுத்தில் தொங்கும் டேப்
எனக்கென்று ஓர் எண் சொன்னது அன்றைக்குத்தான்.

போத்தனூரில் வாசலில் சாத்தியிருந்தது.
ஐம்பத்தொன்று. நிறமா? பழுத்த பாகற்காய்.
பதினேழாயிரம் என்றாள்.
குனிந்தேன். அதற்கப்புறம் எனக்குத் தெரிந்த வேலை.
குழாய்கள் சேருமிடமெல்லாம் நகத்தால் தடவினேன்,
மயிரிழை விரிசல் உண்டா என்று. இல்லை.
சங்கிலிமேல் டேப்பை வைத்தேன்.
பன்னிரண்டு ஜோடிக் கண்ணிக்குப் பன்னிரண்டு அங்குலம் வரணும்,
ஒரு நூல் தாண்டி நின்றது.
பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டால்
பிரேக் கட்டையை ஒருபக்கம் உரசி, மறுபக்கம் விலகி
சம்பள நாள் ராத்திரி நடை.
டயர் ஓரத்தில் வெடிப்பு.
"மூணு அம்பு" என்றேன், பழக்கதோஷம்.
"என்ன அம்பு?"
விளக்கினேன்.
"வந்தவங்க எல்லாம் கலரைத்தான் கொறை சொன்னாங்க" என்று சிரித்தாள்.
பதினாலரைக்கு முடிந்தது.

ஏறி உட்கார்ந்தேன்.
குதிங்காலைப் பெடலில் வைத்தால் கால் நேராகணும்,
முன்பாதத்தை வைத்தால் முழங்கால் சித்தெ மடங்கணும்.
சீட்டை இரண்டு விரல் ஏற்றினாள்,
அரை விரல் இறக்கினாள்.
கை ஹேண்டிலுக்குப் போனது, தேடவில்லை.
வேப்பமரம்வரை போய்த் திரும்புகையில்
கியர் என்று பிரேக்கைப் பிடித்து
சரிந்து, மணலில் ஒரு காலை ஊன்றினேன்.
ஊன்ற முடிந்தது.

இப்போது விடிய ஐந்தரைக்குத் தாராபுரம் ரோட்டில்
கோவில்வழிவரை போய் வருகிறேன்.
லாரிக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.
உட்காருமிடம் வலிக்கிறது.
மெர்லினைக் கேட்டால் பழகிருமுங்க என்கிறாள்,
யுகேந்திரன் சொன்ன அதே சொல்.
இவள் சொன்னால் நம்பலாம் போலிருக்கிறது.

கம்பெனியிலிருந்து ஒரு சிவப்பு அம்பு எடுத்துவந்தேன்.
சட்டத்தில் ஒரு கீறல் உண்டு, அதில் ஒட்டவில்லை.
சீட்டுக் கம்பி உள்ளே இறங்கும் இடத்தில்
விளிம்புக்கு நேராக ஒட்டியிருக்கிறேன்.
மாடிவீட்டுப் பையன் எடுத்து ஓட்டிவிட்டு
ஏற்றியோ இறக்கியோ வைத்தாலும்
எனக்கு எது வரைக்கும் என்று
அதில் இருக்கிறது.